கடைசி ஆட்டம் இன்னும் வரவில்லை

1988ஆம் ஆண்டுப் பருவத்தில் எங்கள் ஊர் அணி ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. ஆண்டையும் மாதத்தையும் சரிபார்க்காமல் எதையும் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை என்பதால் இதை உறுதியாகவே சொல்கிறேன். ஆனால் அந்தக் கோடையில், ஒன்பது வயதில், அணி எல்லா ஆட்டங்களிலும் வென்றுகொண்டிருக்கிறது என்றே நான் நம்பினேன். டென்மார்க்கின் விபோர்க் நகரில் இருந்த தமிழ் ஆண்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

அது நாங்கள் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல, அமெரிக்கன் ஃபுட்போல். தோளில் கவசமும் முகத்தை மறைக்கும் தலைக்கவசமும் அணிந்துகொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக ஒருவர்மேல் ஒருவர் விழும் விளையாட்டு. டென்மார்க்குக்கு அது அப்போதுதான் வந்திருந்தது. பயிற்சியாளர் பகலில் நகரப் பஸ் ஓட்டினார். ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மீதிப்பேர் பள்ளி முடித்த பையன்கள். அமெரிக்காவில் இதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள். எங்களவர்கள் கைக்காசைப் போட்டுத் தோற்றார்கள்.

அந்த அணிக்குள் என் மாமா, அம்மாவின் தம்பி, போய்ச் சேர்ந்தது தற்செயல்தான். ஒரு மாலை தமிழ் ஆண்கள் பக்கத்து மைதானத்தில் உதைபந்து ஆடிக்கொண்டிருந்தபோது அந்த முட்டைப் பந்து உருண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளி அணிக்கு ஆடிய கால் மாமாவுடையது. திருப்பி உதைத்தார். பந்து எல்லோருடைய தலைக்கும் மேலாகப் பறந்து, கம்பங்களையும் தாண்டி, கார் தரிப்பிடத்தில் விழுந்தது. பஸ்காரப் பயிற்சியாளர் ஓடி வருவதைக் கண்டதும் யாருடைய கார்க் கண்ணாடியோ உடைந்துவிட்டது என்று நினைத்து மாமா மன்னிப்புக் கேட்கத் தயாரானார். வந்தவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

அந்த ஆட்டத்தில் பந்தை முன்னே கொண்டுபோக நான்கு தடவை முயலலாம். மூன்று தடவையும் நகர முடியாமல் போனால், நான்காவது தடவை பந்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் மாமாவின் வேலை. நல்ல அணியில் அந்த ஆளுக்கு அதிகம் வேலை இருக்காது. எங்கள் அணியில் மாமாவுக்கு ஓய்வே இருக்கவில்லை.

இதெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்ற எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. பந்து வானத்தில் ஏறும்போதெல்லாம் கோல் விழுந்ததுபோலக் கை தட்டிக் கூவினார்கள். எல்லோரிலும் உரத்த குரல் மன்னார் அண்ணையுடையது. மன்னாரிலிருந்து வந்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

“அண்ணை, இப்ப ஆர் முன்னுக்கு நிக்கினம்?” என்று ஒருவர் கேட்பார்.

“ஆரின்ர பந்து உயரப் போனது?”

“எங்கட.”

“பிறகென்ன கேள்வி? ஓல்போர்க்காரர் பாவம், ஒருக்காவாவது உதைச்சவங்களே?”

எதிரணியான ஓல்போர்க்காரருக்கு அப்படி உதைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

யாரும் எங்களைத் திருத்தவில்லை. முதல் ஆட்டத்தில் டேனிஷ்காரர் எங்களை வியப்போடு திரும்பிப் பார்த்தார்கள். அடுத்ததில் சிரித்தார்கள். பிறகு கோப்பி விற்கும் மூதாட்டி தன் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு சேர்ந்து கை தட்டத் தொடங்கினார். பருவத்தின் பாதியில், மாமாவின் கால் உயர்ந்தால் மைதானம் முழுவதுமே கூவியது. வீட்டுக்கு வரும் வழியில், எத்தனைக்கு எத்தனை என்று மாமாவிடம் கேட்டால், “கடைசி அடி எவ்வளவு தூரம் போனது, பாத்தனியே?” என்பார். நானும் ஓம் என்பேன்.

மாமாவின் மனைவியும் கைக்குழந்தையும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அப்பா எங்களை 1986இல் அழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு குடும்பத்தை அழைக்க விண்ணப்பித்தவர்களுக்குப் பதிலே வரவில்லை. மறுத்தாலாவது மறுத்தார்கள் என்றிருக்கும், அதுவும் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்று கூவிய அநேகருக்கு அங்கே ஒரு மனைவியோ பிள்ளையோ காத்திருந்தார்கள். ஊரில் இந்திய இராணுவம் நின்றது, இளம் ஆண்கள் தெருவில் இறங்கப் பயந்தார்கள் என்பதையெல்லாம் நான் பின்னால் படித்துத்தான் அறிந்தேன். அன்று அறிந்தது, செப்டெம்பரில் ஒருநாள் மாமா சோற்றை அளைந்துகொண்டே சொன்னது மட்டும்தான்.

“அக்கா, நான் திரும்பிப் போறன். அவையள் வரேலாட்டி நான் போறன்.”

“விசரே உனக்கு? போனா உன்னைப் பிடிப்பாங்கள். பிறகு இங்கயும் வரேலாது. அவளைக் கூப்பிட ஒருத்தரும் இருக்க மாட்டினம்.”

“கடைசி மட்ச் முடியப் போறன். அந்த மனுசனுக்கு வாக்குக் குடுத்திட்டன்.”

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். எங்கே போகிறோம் என்று டேனிஷில் கேட்டேன். அம்மாவுக்கு டேனிஷ் தெரியாது. அம்மா ஓட்டுநரான பயிற்சியாளருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்து, “பிள்ளை, இவரிட்டச் சொல்லு. தம்பி கடைசி மட்ச் முடிய ஊருக்குப் போகப்போறான். போனா உயிருக்கு நிச்சயமில்லை” என்றார்.

நான் சொன்னேன். ஓட்டும்போது பேசக்கூடாது என்று பஸ்ஸில் எழுதி ஒட்டியிருந்தது. அதனால்தான் அவர் பேசவில்லை என்று நினைத்தேன். ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். கடைசித் தரிப்பில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“கடைசி ஆட்டம் இன்னும் வரவில்லை என்று அம்மாவிடம் சொல். கடைசி இடத்தில் வருபவர்களுக்கு மேலதிக ஆட்டங்கள் உண்டு.”

நான் அதைத் தமிழில் சொன்னதும் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஆட்டம் கூடுதலாக இருப்பதற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கடைசி இடம் என்றாரே, அது யாருடைய இடம் என்றும் நான் கேட்கவில்லை.

மேலதிக ஆட்டங்கள் ஒக்டோபரில் நடந்தன, நவம்பரிலும் நடந்தன. புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. மூதாட்டி கோப்பியோடு வந்தார். எங்கள் ஆட்கள் கம்பளித் தொப்பியோடு வந்து கூவினார்கள். எதிரணியின் சட்டைகளில் இலக்கம் எதுவும் இல்லை. தையல்கள் வெளியே தெரிந்தன. இரண்டு பக்கத்திலும் ஆட்கள் குறைவு. இரு அணிகளும் ஒன்று போன பிறகு ஒன்றாக ஒரே அறையில் உடை மாற்றிக்கொண்டு வந்தன. குளிருக்காக அப்படி என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் அணியில் எனக்கு எப்போதும் உப்பு லக்ரிஸ் மிட்டாய் தரும் பெரிய உடம்புக்காரர் ஒருவர் இருந்தார். அன்று எதிரணியிலும் அதே பருமனில் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றாமல் வந்து எனக்கு லக்ரிஸ் தந்தார். டென்மார்க்கில் பெரிய உடம்புக்காரர் எல்லோரும் பிள்ளைகளுக்கு லக்ரிஸ் கொடுப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

1989இல் உண்மை வெளியே வந்தது. விண்ணப்பங்கள் தொலைந்துபோகவில்லை, டேனிஷ் நீதி அமைச்சரின் உத்தரவில் வேண்டுமென்றே தொடாமல் வைக்கப்பட்டிருந்தன. அதற்காக 1993 ஜனவரியில் ஓர் அரசாங்கமே பதவி விலகியது. அது வரலாற்று நூல்களில் இருக்கிறது. மாமியும், கைக்குழந்தையாக இருந்த மச்சாளும் அந்த 1989இலேயே வந்திறங்கினார்கள். கூப்பிட்டவர் இங்கே இருந்ததால் வர முடிந்தது. அது எந்த நூலிலும் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து நூலகத்தில் அக்காலத்து உள்ளூர்ப் பத்திரிகைகளைப் புரட்டினேன். பருவம் செப்டெம்பரோடு முடிந்திருந்தது. எங்கள் அணி கடைசி இடத்தில், ஒரு வெற்றியும் இல்லாமல். மேலதிக ஆட்டம் என்ற ஒன்று அங்கே இல்லவே இல்லை. நேரே அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

“உனக்குத் தெரியாதே?” என்று அம்மா வியந்தார். “பஸ்ஸில நீதானே எனக்குச் சொன்னனி.”

அணி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி தங்கள் சட்டைகளை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, என் மாமாவைப் போகவிடாமல் வைத்திருப்பதற்காக அந்தக் குளிரில் வந்து நின்றிருக்கிறது. அந்தப் பருவத்தில் யாரையும் வெல்லாத மனிதர்கள் அவர்கள்.

நவம்பரின் முதல் ஆட்டம் முடிந்தபோது எதிரணிக்காரர் வரிசையாக வந்து மாமாவின் கையைக் குலுக்கினார்கள். மாமா குனிந்து ஒவ்வொரு தலைக்கவசக் கம்பிக்குள்ளும் இருந்த முகத்தைப் பார்த்தார். அந்தக் கோடை முழுவதும் தன் பக்கத்தில் நின்று விழுந்தெழும்பிய முகங்கள். தன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு பஸ்காரரிடம் போய், தன் உடைந்த டேனிஷில், அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார்.

இவ்வளவு ஆடியும் இந்த மனிசனுக்கு ஆசை தீரவில்லையே என்று லக்ரிஸைச் சப்பிக்கொண்டே நினைத்தேன்.