வெளி ஆயில்

சித்தப்பா வீட்டு வாசலில் நின்ற காருக்கு அடியில் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் சிவப்பாக ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாதுளைச் சாறு போல அத்தனை தெளிவு. கியர்பாக்ஸில் ஊற்றி ஒரு வாரம்கூட ஆகாத புது ஆயில் அது. கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா, கடைசிச் சொட்டு விழும்வரை அசையவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார்கள்.

"வெளியில இருந்து வந்தது வெளியிலயே போவட்டும்" என்றார். சொல்லும்போது அவர் ஆயிலைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற தம்பியைப் பார்த்தார்.

தம்பி என்று நான் சொல்வது சித்தப்பாவின் மகனை. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் குழந்தை இல்லை. சித்திதான் பிடிவாதமாக அலைந்து, முறைப்படி தத்தெடுத்து, வேலூரிலிருந்து அந்தக் கைக்குழந்தையை ஆம்பூருக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் இருந்தவரை அவன் அந்த வீட்டுப் பிள்ளை. அவள் போன பிறகும் சித்தப்பா அவனை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். குரலை உயர்த்தாமலே ஓர் ஆளை ஒதுக்கி நிறுத்தத் தெரிந்தவர். யாராவது வீட்டுக்கு வந்தால், "இவன் நம்ம வீட்ல வளர்ற பையன்" என்று அறிமுகப்படுத்துவார். தம்பி படித்து முடித்து ஷூ கம்பெனியில் மெஷின் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போனான். தலையில் ஒன்றிரண்டு நரைகூட விழுந்தது. அப்போதும் அவன் வளர்கிற பையன்தான்.

சித்தப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. வாரம் இரண்டு முறை வேலூருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். தம்பி தன் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு அவரைக் காரில் அழைத்துப் போனான். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. முட்டி வலிக்காக சித்தப்பா முன்பே வாங்கியது. அது திடீரென்று, நின்று கிளம்பும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலக் குலுங்கத் தொடங்கியது. உடம்பில் ஊசி குத்திய இடமெல்லாம் அவருக்கு வலித்தது.

கியர் ஆயில் பழசாகிவிட்டது, மாற்றினால் சரியாகும் என்றார் மெக்கானிக் பாய். அந்த வகை கியர்பாக்ஸில் கண்ட ஆயிலையெல்லாம் ஊற்ற முடியாது. வேலூர் ஷோரூமில் கேட்டதற்கு, கார் கம்பெனியின் ஆயில் இருப்பில் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது என்றார்கள். தம்பி வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்து, எந்த கிரேடு என்று பார்த்து, அதே கிரேடில் வேறொரு கம்பெனி தயாரித்த ஆயிலை வாங்கிவந்தான். பாயிடம் காட்டினான்.

"புக்குல இருக்கறதும் டப்பால இருக்கறதும் ஒண்ணுதான். வாரண்டி முடிஞ்ச வண்டிதானே. பேஜார் ஒண்ணும் ஆவாது, ஊத்தலாம்" என்றார் பாய்.

அடுத்த முறை வேலூர் போகும்போது நானும் பின்சீட்டில் இருந்தேன். மாதனூரில் லாரிகள் தேங்கி நின்றன. வண்டி நின்று நின்று போனது, ஒரு குலுக்கல் இல்லை. சித்தப்பா முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப எப்படிப் போவுது பாரு. இதான் கம்பெனி ஆயில்ன்றது" என்றார்.

தம்பி பேசாமல் இருந்திருக்கலாம். "கம்பெனி ஆயில் கிடைக்கலப்பா. இது வெளி ஆயில். கிரேடு அதேதான்" என்றான்.

திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டியதும் சித்தப்பா, "குலுக்குது பாரு" என்றார். கொஞ்ச தூரம் போய், "மறுபடியும் குலுக்குது" என்றார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தம்பி சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆயிலை இறக்கச் சொன்னார். பாய் கெஞ்சிப் பார்த்தார். "புது ஆயில்ணே. கம்பெனிது வர்ற வரைக்குமாவது இருக்கட்டும். இல்லன்னா வண்டி நின்னுடும்."

"நிக்கட்டும்" என்றார் சித்தப்பா.

வண்டி வாரக்கணக்கில் நின்றது. வாடகைக் கார் வேண்டாம் என்றுவிட்டார். இருவரும் பஸ்ஸில் போனார்கள். தம்பியின் ஒரு கையில் மருந்துப் பை, மறு கையில் சித்தப்பாவின் தோள். ஒருநாள் நானும் துணைக்குப் போனேன். திரும்பும்போது பஸ்ஸில் அவர் தம்பியின் சட்டை மேலேயே வாந்தி எடுத்துவிட்டார். அவன் முதலில் அவர் வாயைத் துடைத்தான், பிறகு தன் சட்டையை. பக்கத்து சீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, "உங்க பையனா? நல்லா பாத்துக்கறாரு" என்றாள்.

"இல்ல. கூட வர்றான்" என்றார் சித்தப்பா.

ஒருவழியாகக் கம்பெனி ஆயில் வந்தது. பாய் ஊற்றினார். வண்டி முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னா சித்தப்பா, வித்தியாசம் ஏதாவது தெரியுதா?" என்று கேட்டேன்.

"வண்டிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் ஏன் அப்படி இருந்தார் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். வேறு யாரும் இல்லாமல் அவன் ஒருவனையே நம்பிப் பிழைக்கவேண்டியிருந்தது அவருக்கு அவமானமாக இருந்திருக்கலாம். இப்படி நினைத்துக்கொண்டால் அவரை மன்னிப்பது சுலபமாகிறது. அதனாலேயே அந்த விளக்கத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

சில மாதங்களில் சித்தப்பா இறந்துபோனார். பாலாற்றங்கரைக்குக் கொண்டுபோகுமுன், கொள்ளி வைக்க என் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அண்ணன் சென்னையில் இருப்பவன், பொங்கலுக்குப் பொங்கல் தலைகாட்டுபவன். "அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு, ரத்த சொந்தம்தான் வைக்கணும்னு" என்றார் உறவுக்காரப் பெரியவர் ஒருவர். தம்பி குளித்து, ஈர வேட்டியோடு தயாராக நின்றிருந்தான். அதைக் கேட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான். கரையிலிருந்து ஆண்கள் கிளம்பும் நேரத்தில், "நடக்க முடியாதவங்கள எல்லாம் வீட்ல விடணும், அந்தப் பையன வண்டி எடுக்கச் சொல்லு" என்று யாரோ சொன்னார்களாம். அவன் போய் எடுத்திருக்கிறான்.

கார் இப்போது அண்ணனிடம் இருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போது என்ன ஆயில் ஊற்றுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. தம்பி ராணிப்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறான். நான் போனால் டீ போட்டுக் கொடுப்பான். சித்தப்பாவைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

அன்று கொள்ளி வைத்த அண்ணன், ஆபீஸ் போகவேண்டும் என்று மீசையை மட்டும் எடுத்துக்கொண்டான். மறுநாள் காலை சாம்பலுக்குப் பால் தெளிக்கக் கூடியபோது தம்பி மொட்டைத் தலையோடு வந்து நின்றான். முந்தின நாள் பேசிய அதே பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு எதுக்குடா மொட்டை? உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல மாமா" என்றான் தம்பி.