ஒன்பது நாள் ஜெபம்

வெள்ளிக்கிழமை நூபியாவுக்கு ஐம்பது வயது. புக்காரமாங்கா ஊரின் செருப்புப் பட்டறையில் தையல் போடுகிறவள், தொலைவிலுள்ள கடலோர ஊரான சாந்தா மார்த்தாவில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் ஒற்றைக் கட்டில் அறையொன்றைப் பிடித்திருந்தாள். ஒன்பது நாள் யாருக்கும் சமைக்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

பிறந்தநாளுக்குத் தனியாகப் போகிறேன் என்றால் வீட்டில் விடுவார்களா? அதனால் அங்கே ஒரு தோழி செத்துப்போனதாகப் புளுகினாள். அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது நாள் ஜெபம் நடக்குமே, அதை யார் தடுப்பார்கள்?

யாரும் தடுக்கவில்லை. வினையே அங்கேதான் வந்தது.

"துக்க வீட்டுக்கு ஒத்தையில போறதாவது! நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?" என்று அக்கா மிரெயா கறுப்பு உடுப்புகளை மூட்டை கட்டினாள். நூபியாவின் புருஷன் ஹெர்னான் வேன் பேசிவிட்டான். ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு நூபியா காப்பி போடுவதற்காகப் பெரிய பானையும் வேனில் ஏறியது.

"வேணாம்க்கா, உங்களுக்கு அவளத் தெரியவே தெரியாது," என்று நூபியா கண்ணீரோடு கெஞ்சினாள்.

"தெரிஞ்சாத்தான் அழணுமா? இங்க சர்ச்சுப் பூசையிலயும் அவ பேர வாசிக்கணும், என்ன பேருடி?"

நூபியாவுக்கு வேறு எந்தப் பேரும் வாயில் வரவில்லை.

"நூபியா."

"அட, உன் பேரேதானா! வயசு?"

"வெள்ளிக்கிழமை வந்தா ஐம்பது."

மிரெயா சிலுவை போட்டுக்கொண்டு தங்கையின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழாதடி. அவளுக்காவது இனிமே ஓய்வு."