எதிர்க்கதவுக் கண்ணாடி

சீனாவின் யிவூ நகரத்தில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்று வசீலாவைக் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: நாலாம் மாடி, எதிர்வீடு, லுவோ அம்மாள். தன் சொந்த நாடான அல்ஜீரியாவின் கடைக்காரர்களுக்குப் பொத்தானும் ஜிப்பும் மொத்தமாக வாங்கி அனுப்புவது வசீலாவின் வேலை. எட்டு வருஷமாக அந்தச் சந்தையில் எவனையும் வாயாலேயே மடக்கிப் பழகியவள். லுவோ அம்மாளிடம் மட்டும் அந்த வாய் செல்லுபடியாகவில்லை.

லுவோ அம்மாள் காலுறை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்றால் நமக்குத்தான் வேறு அர்த்தம். காலையில் கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு, குப்பையை வகை பிரித்துப் போடுகிறார்களா என்று தொட்டிகளுக்குக் காவல் நிற்பாள். மற்றவர்கள் பையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். வசீலாவின் பையை மட்டும் குச்சியால் கிளறுவாள்.

“எலும்பை இதுலயா போடுவாங்க? உங்க ஊர்ல எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டித்தான் பழக்கமா?”

“எங்க ஊர்ல அடுத்தவ குப்பையை யாரும் மோந்து பாக்க மாட்டாங்கம்மா.”

சாயங்காலம் கிழவி கீழே முற்றத்தில் ஒலிபெருக்கியை அலறவிட்டுத் தோழிகளோடு ஆடுவாள். அதற்கு வசீலா ஞாயிற்றுக்கிழமை பழி தீர்ப்பாள். ஊர்க்காரப் பெண்களைக் கூட்டி வைத்து, மிளகாயை அடுப்பில் கருகச் சுட்டு, பூண்டும் எண்ணெயும் சேர்த்து நசுக்கி, ரொட்டியோடு தின்று சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். புகை எதிர்வீட்டுக்குள் போகட்டும் என்றே வாசல் கதவைத் திறந்து வைப்பாள்.

அப்படி ஒரு ஞாயிறு கழிந்த மறுநாள்தான் லுவோ அம்மாள் தன் கதவில், முகம் உயரத்துக்கு, எட்டு மூலைச் சிவப்புச் சட்டம் போட்ட வட்டக் கண்ணாடி ஒன்றை மாட்டினாள். வசீலாவுக்கு நல்ல வசதியாகப் போயிற்று. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதன் முன்னால் நின்று தலைத்துணியைச் சரிசெய்வாள், உதட்டுச் சாயம் பூசுவாள், பல்லை இளித்துக் கீரை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். எதிர்வீட்டுப் பீடையை எதிர்வீட்டுக்கே திருப்பி அனுப்ப மாட்டும் கண்ணாடி அது என்பது அவளுக்குத் தெரியாது. அந்த ஊரில் ஒருவர் இதை மாட்டினால் எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், இல்லாவிட்டால் பயப்படுவார். இவள் பல்லைக் காட்டினாள்! கதவுத் துளை வழியே பார்த்துக்கொண்டிருந்த கிழவிக்கு எப்படி இருந்திருக்கும்?

விஷயத்தைச் சந்தையில் ஒருத்தி சொன்னபோது வசீலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பீடையா நான்? மறுநாளிலிருந்து கண்ணாடி முன்னால் இன்னும் நிதானமாக நின்றாள். இப்படியே மூன்று வருஷம் போயிற்று.

இந்த வருஷம், வசீலா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஃபூவுக்கு அதை விற்கும் ஆசை வந்தது. வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. வசீலா வெளிநாட்டுக்காரி, எந்த விலாசத்தில் குடியிருக்கிறாள் என்று போலீசில் பதிந்தாக வேண்டும். அவளைக் கிளப்புவதற்காக ஃபூ நேரே அங்கே போய், அவள் இங்கே குடியிருக்கவில்லை, விலாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறாள் என்று சொல்லிவிட்டார். அவள் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. விலாசம் பொய் என்றானால் அனுமதி கிடையாது, எட்டு வருஷப் பிழைப்பை விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

விசாரிக்க ஓர் இளம் போலீஸ்காரர் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தால் கூரை வரைக்கும் பொத்தான் அட்டைப்பெட்டிகள், மூலையில் ஒரு மெத்தை.

“பாத்தீங்களா? இது கிடங்கு,” என்றார் ஃபூ. “வேணும்னா எதிர்வீட்டு அம்மாவைக் கேளுங்க.”

அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த தெம்பிலேயே வசீலாவுக்குப் புரிந்துவிட்டது, கிழவியிடம் முன்பே பேசி வைத்திருக்கிறார். இனி யாரைக் கெஞ்சுவது? இந்தக் கிழவியையா?

போலீஸ்காரர் கதவைத் தட்டினார். லுவோ அம்மாள் வந்தாள்.

“அம்மா, இவங்க இங்க குடியிருக்காங்களா?”

“இல்ல தம்பி. யாரும்...” என்று தொடங்கிய லுவோ அம்மாளின் பார்வை வசீலாவின் மேல் விழுந்தது. மூன்று வருஷக் கோபத்தையும் யாருமே இல்லை என்று ஒரே வார்த்தையில் துடைத்துப்போட அவளால் முடியவில்லை.

“குடியிருக்காளாவா! இவ இல்லேன்னா நான் இத்தனை நாளா பேய் கூடயா சண்டை போட்டேன்? விடியறதுக்குள்ள குழாயைத் தொறந்து விட்டுடுவா. ஞாயித்துக்கிழமை மிளகாயைச் சுட்டு என் கண்ணைக் கெடுப்பா. போன குளிருக்கு நாள்கணக்கா இருமித் தொலைச்சா, வைத்தியர்கிட்டப் போனாளான்னா போகல. வசந்தகாலத்துல ஒரு நாள் முழுக்க ஒப்பாரி, செவுரே அதிருது. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. எழுதிக்க தம்பி, எல்லாத்தையும் எழுதிக்க!”

“போதும்மா, போதும்,” என்று சிரித்தார் போலீஸ்காரர். “குடியிருக்காங்க, புரிஞ்சுது.” நிலையத்துக்கு வந்து மீதி வேலையை முடித்துக்கொள்ளும்படி வசீலாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஃபூ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

என்ன செய்துவிட்டோம் என்று லுவோ அம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“உனக்காகச் சொல்லல.”

“தெரியும்.”

வசீலாவுக்கு நன்றி சொல்ல வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த இருமல் எந்தத் தோழிக்கும் தெரியாது. அந்த அழுகையும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் இந்தப் பாழாய்ப்போன கிழவியா?

“அன்னைக்கு எங்கம்மா செத்துப்போயிட்டாங்க,” என்றாள். “ஊருக்குப் போக முடியல.”

லுவோ அம்மாள் அவளை முறைத்துப் பார்த்தாள்.

“அதை அன்னைக்கே வந்து கதவைத் தட்டிச் சொல்லித் தொலைச்சா என்னவாம்?” என்று சீறிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள்.