ஆட்டின் வழியாகப் பேசியது

எதிர்வீட்டுக்காரியோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதற்குக் காரணம் ஒரு வெள்ளாடு. விதைக்காக நான் உடைத்து முறத்தில் வைத்திருந்த மல்லாட்டைப் பருப்பை அவளுடைய ஆடு தின்றுவிட்டது. விரல் வீங்க வீங்க உடைத்த வேர்க்கடலை. போய்க் கேட்டால், "வாயில்லாத ஜீவன், அதுக்கு வெதையின்னு தெரியுமா?" என்றாள். ஆட்டுக்குத் தெரியாது. கட்டி வைக்க இவளுக்குத் தெரிய வேண்டாமா? அன்றோடு பேச்சை விட்டோம்.

எங்கள் சிங்கவரத்தில் பேச்சை விட்டவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். முகம் பார்த்துப் பேசக்கூடாது, அவ்வளவுதான். கோழியிடம் சொல்லலாம், நாயிடம் சொல்லலாம். எங்களுக்கு அந்த ஆடே வாய்த்தது. தினமும் காலையில் என் முருங்கைக் கன்றைக் கடிக்க வரும்.

"ஏய், உன்ன வளக்கறவளுக்குச் சொரணையே கெடையாதா?" என்று ஆட்டைக் கேட்பேன்.

"இங்க வாடி கண்ணு," என்று அவள் ஆட்டைக் கூப்பிடுவாள். "சில பேரு டீக்குப் பதிலா கோவத்தக் குடிக்கறாங்க."

என் வீட்டுக்காரர் செத்தபோது அவள்தான் முதலில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில் பேசுவது கணக்கில் வராது. காரியம் முடிந்ததும் மறுபடியும் ஆடுதான்.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகச் சமைப்பதில்லை. ஒருத்திக்காக உலை வைக்க எரிச்சலாக இருந்தது. சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண், "வேளைக்குச் சாப்பிடறீங்களாம்மா?" என்பாள். "பின்ன காத்தையா குடிக்கறேன்?" என்று விரட்டிவிடுவேன். சென்னையில் இருக்கும் மகளும் போனில் அதையே கேட்பாள். உண்மையைச் சொன்னால் கூட்டிக்கொண்டு போய் மாடி வீட்டில் உட்கார வைத்துவிடுவாள். அதனால் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை மாத்திரை போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். கை நடுங்கியது. புடவை நனையும் அளவுக்கு வியர்த்தது. கதவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். ஆடு வந்து முருங்கையைக் கடித்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். திட்ட நாக்கு எழவில்லை.

"இன்னாடி கண்ணு, இன்னைக்கு அர்ச்சன இல்லியா?" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "கண்ணு, இன்னா ஆச்சு அங்க?" என்று இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம் ஓடிவரும் சத்தம்.

"யக்கா, வாயத் தொறக்கா!"

சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். தலை தெளிந்ததும் ஆட்டோ பிடித்துச் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"சாப்பிடாம இந்த மாத்திரையப் போட்டா சர்க்கரை எறங்கிடும்," என்றார் டாக்டர். "வீட்ல பாத்துக்க யாரும் இல்லியா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான் இருக்கறேன் சார்," என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

விஷயம் மகள் காதுக்குப் போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு பேச்சே கிடையாது, கார் எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போய்விடுவேன் என்றாள்.

ஆபத்தில் பேசுவதும் கணக்கில் வராது. ஆனால் மறுநாளிலிருந்து காலையில் என் வாசற்படியில் ஒரு தட்டு இருக்கும். "தட்டக் காலி பண்ணச் சொல்லுடி கண்ணு, கழுவணும்," என்று ஆட்டிடம் சொல்வாள். "எனக்கு இன்னா, பிச்சையா போடறா உன் எசமானி?" என்று ஆட்டிடம் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன். அப்புறம்தான் மாத்திரை. மாத்திரை கொண்டுவரும் பெண் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதும்மா," என்றாள். எனக்கே தெரிந்தது. ராத்திரி தூக்கம் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய மகன் ஆட்டைச் செஞ்சிச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டான்.

மறுநாள் காலை தட்டு வந்து வாசற்படியில் இருந்தது. ஆனால் குரல் இல்லை. அவள் தன் வாசலில் நின்றாள். வாயைத் திறந்தாள், இங்கும் அங்கும் பார்த்தாள், மூடிக்கொண்டாள். நானும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றேன். நாளைக்கு நான் கதவோரம் விழுந்து கிடந்தால் எதை வைத்து இவளுக்குத் தெரியும்? தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

"ஆட்ட வித்துட்டியேடி, இனிமே நான் யாரத் திட்றது?"

"என்னத் திட்டுக்கா," என்றாள். "மொதல்ல சாப்டு."

"நீ சாப்டியா?"

"இன்னும் இல்ல."

அவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் அங்கேதான் சாப்பிடுகிறேன். மாதத்தில் பாதி நாள் அரிசி என்னுடையது. மறுபடி ஒன்றும் ஆகாமலே மகள் ஒரு நாள் கார் எடுத்துக்கொண்டு வரத்தான் செய்தாள். எங்களோடு சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனாள். எதிர்வீட்டுக்காரியின் குழம்பில்தான் உப்பு அதிகம். பிரஷர் மாத்திரை போடுகிறவள் இப்படியா உப்பை அள்ளிக் கொட்டுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே கேட்கிறேன்.