கல்வீட்டில் ஒரு பிரசவ அறை

ராசிபுரம் சாலையோரம் எங்களுக்கு ஒரு கும்பினிக்காலத்துக் கல்வீடு இருந்தது. இரண்டு முழக் கனத்தில் சுவர், கற்பலகைக் கூரை, உள்ளே வௌவால். காலேஜை முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்துகொண்டிருந்த நான், அதைப் பிரசவ ஆஸ்பத்திரியாக்குகிறேன் என்று கிளம்பினேன். டாக்டருக்குப் படித்திருந்த என் அக்காவைப் பட்டணத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ‘இரண்டு கட்டில் போட்டு, நடுவில் நான் நின்று வேலை செய்ய இடமிருந்தால் இங்கேயே இருந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்’ என்று எழுதியிருந்தாள். எங்கள் பக்கத்தில் பிரசவம் சிக்கலானால் வண்டி கட்டிச் சேலம் போகவேண்டும். வழியிலேயே போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. அக்காவை விட்டுவிடுவதாக இல்லை நான்.

புகை போட்டு வௌவாலை விரட்டினேன். கல்லை உடைத்து இரண்டு ஜன்னல் வைத்தேன். தரைக்கு சிமெண்ட். சுவருக்குப் பூச்சே வேண்டாமென்றேன். சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்றிருக்கும் கல்லை எதற்கு மூடுவது? பதினெட்டடிக் கூடத்தை ஓரடிச் சுவர் வைத்துப் பிரிக்கவேண்டும்: பிரசவ அறைக்கு ஒன்பதடி, எனக்கு எட்டு. படம் வரைந்து கொத்தனாரிடம் கொடுத்துவிட்டுக் கட்டில் வாங்கச் சேலம் போனேன்.

சனிக்கிழமை திரும்பி வந்து கட்டில்களைப் போட்டால், நடுவே ஒருக்களித்துத்தான் போகமுடிந்தது. அளந்தேன். எட்டடி!

“ஏனுங்க கொத்தனாரே, ஒன்பதுன்னுதானே எழுதிக் குடுத்தேன்?”

“ஒம்பது பீடைங்க தம்பி. பொம்பளைங்க பெத்துப் பொழைக்க வார எடம். எட்டுதானுங்க ராசி.”

“அப்போ என் ரூம் ஒன்பதாயிடுச்சே?”

“நீங்கதான் மனையடி சாஸ்திரமே பொய்யின்னு சொல்றீங்களே. அது உங்களை என்ன பண்ணிப்போடுமுங்க?”

சித்தாள் பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எவ்வளவு வாதாடியும், ஒன்பதடிக்குக் கரண்டியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய அக்கா நேரே கட்டில்களுக்கு நடுவே போய் நின்றாள்.

“இதுக்குள்ளே குனியக்கூட முடியாதுடா.” நான் நடந்ததைச் சொன்னேன். கொத்தனார் பக்கம் திரும்பினாள். “பத்தடி எப்படிங்க?”

“பத்து ஜோருங்க அம்மிணி! ஆடு மாடெல்லாம் பெருகும்.”

“குழந்தை குட்டியும் பெருகட்டும். சுவத்தை இடிச்சுப்போடுங்க.”

அவர் என்னைப் பார்த்துத் தயங்கினார். “தம்பி ரூமு ஏழாயிடுமுங்க. ஏழு தரித்திரம்.”

“வேலையில்லாத பயலுக்குப் புதுசா என்னங்க வந்துடப்போகுது?”

ஈரம் காயாத சுவர், மத்தியானத்துக்குள் இறங்கிவிட்டது. பத்தடியில் சுண்ணாம்புக் கோடு போட்டார் கொத்தனார். நானும் அவரும் கட்டிலைக் கோட்டோரம் நகர்த்தினோம். அக்கா நடுவில் நின்று, இரண்டு கையையும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். எதுவும் இடிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் பேனாவை வாங்கிக்கொண்டு, வேலைக்கு வரவில்லை என்று பட்டணத்துக்கு இரண்டே வரி எழுதினாள்.