மேய்ப்பரின் தோளில் ஏறிய கிடாய்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மெதடிஸ்த கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணை விரும்பினேன். நான் சைவன், சித்திரம் படிப்பிக்கும் வாத்தி. அவளுடைய தகப்பனார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இரண்டு வருடமாக என்னை 'யோசிப்பம்' என்ற ஒற்றைச் சொல்லிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

அப்போதுதான் ஷெல் விழுந்த அதிர்வில் அவர்களுடைய தேவாலயத்தில் ஆண்டவர் மேய்ப்பராய் நிற்கும் வண்ணக் கண்ணாடி யன்னலில் ஒரு துண்டு நொறுங்கியது. மேய்ப்பரின் நீல அங்கியும் காலடிப் பச்சையும் தப்பிவிட்டன. தோளிலிருந்த செம்மறிக்குட்டி மட்டும் போயிற்று. போர்த் தடையில் சவர்க்காரமே வராத காலத்தில் வண்ணக் கண்ணாடிக்கு எங்கே போவது? நான் செய்து தருகிறேன் என்று தகப்பனாரிடம் வாயை விட்டேன். என் வாய் எப்போதும் கையைவிட இரண்டு எட்டு முன்னால் போகும்.

ஆசிரிய கலாசாலையில் எடுத்த என் படத்தின் சட்டத்துக் கண்ணாடியைக் கழற்றி வெட்டினேன். பஸ்ஸுக்குப் பெயர் எழுதி மிஞ்சிய வெள்ளை எனாமல் கிடைத்தது. பார்த்து வரைய, பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக் கிடாய் வேலியோரம் அசையாமல் நின்றது. ஆடு ஆடுதானே என்று கொம்பையும் தாடியையும் பக்தியோடு தீட்டினேன். மேசையில் பால்போல இருந்ததை சனி பின்னேரம் ஏறிப் பொருத்தினேன்.

யன்னல் கிழக்குப் பக்கம். ஞாயிறு காலை வெயில் ஏற, அங்கியின் நீலம் நிலமெல்லாம் வழிந்தது. எனாமலுக்குள்ளால் வெளிச்சம் வருமா? மேய்ப்பரின் தோளில் கன்னங்கரேலென்று கொம்பும் தாடியுமாய் ஒன்று குந்தியிருந்தது. பாடகர் குழு பாட்டை நடுவில் விட்டுவிட்டது. அவள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடினாள், தோள் குலுங்கியது. அழுகிறாள், என் கலியாணம் கவிழ்ந்தது என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் தகப்பனார் கூப்பிட்டார்.

"தம்பி, கடைசி நாளிலை ஆண்டவர் வெள்ளாட்டை இடப்பக்கம் தள்ளிவிடுவார் எண்டு எங்கடை வேதத்திலை கிடக்கு. நீர் தூக்கித் தோளிலை ஏத்திப்போட்டீர்."

சைவப் பள்ளிக்கூடத்தில் அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தலை குனிந்தேன். கிளுக்கென்று ஒரு சத்தம். பார்த்தால் மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார்.

"அவரே ஏத்தினாப் பிறகு நான் என்னெண்டு தள்ளுறது? கலியாணம் பேச உம்மடை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாரும். அதுக்கு முதல் கொம்புகளைச் சுரண்டும்."

சவர பிளேடோடு ஏணியில் ஏறினேன். அவள் கீழே பிடித்தாள். ஒரு கொம்பு போன இடத்தால் வெயில் புகுந்து அவள் முகத்தில் விழுந்தது. அழுததாக நான் நினைத்தவள் இன்னும் சிரித்து முடியவில்லை. மற்றக் கொம்பை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

பின்னால் தகப்பனார் செருமினார்.