இராஜசிங்கம் சேரின் கவுண்டர்பேன்

புலம்பெயர்ந்து ஷ்லீரன் நகரில் இருக்கும் தமிழர்கள் இராஜசிங்கத்தை "சேர்" என்றுதான் கூப்பிடுவார்கள். கிழமை நாட்களில் அவர் ஒரு சலவைக்கூடத்தில் விடுதிகளின் படுக்கைத் துணிகளை மடித்து அடுக்குவார். சனிக்கிழமைகளில் மட்டும் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு தன் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பிப்பார். சம்பளம் வாங்குவதில்லை. "சேர்" என்ற அந்த ஒரு சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது.

உண்மையில் ஊரில் அவர் எங்கும் படிப்பித்தவர் அல்ல. யாழ்ப்பாணத்துப் புடவைக் கடையொன்றில் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். பென்சன் எடுத்த பழைய உத்தியோகத்தர்கள் அந்தக் கடைக்கு வருவார்கள். கட்டில் விரிப்பைக் கவுண்டர்பேன் என்பார்கள். நீளத் தலையணையைப் போல்ஸ்டர் என்பார்கள். மேசைக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டு அவர் பிடித்துக்கொண்ட இங்கிலீசு அது. இங்கே வந்தபின் யாரோ அவரை ஊரில் வாத்தியாராக இருந்தவர் என்று சொல்லிவிட்டார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

வகுப்பில் கெட்டிக்காரி ரிஷானி. பதின்மூன்று வயது, அதே நகரில் இருக்கும் கோசலாவின் மகள். படுக்கையறைச் சாமான்களைப் படித்த அன்று அவள் கேட்டாள்.

"சேர், போர்வைக்கு டுவே எண்டு சொல்லலாமோ?"

"அது இந்த நாட்டுக்காரரின்ர சொல் பிள்ளை. வேலையில நாள் முழுக்க அதைத்தானே கேக்கிறன். இங்கிலீசில கவுண்டர்பேன் எண்டு சொல்லு."

ஈஸ்டர் விடுமுறைக்கு கோசலாவின் அக்கா குடும்பம் லண்டனிலிருந்து வந்தது. அக்காவின் மகன் கோபிசனுக்குத் தமிழ் அரைகுறை. "எங்கட சேரோட இங்கிலீசில கதைக்க விடுவம்" என்று கோசலா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இராஜசிங்கத்தைக் கூப்பிட்டாள். அவர் டை கட்டிக்கொண்டு போனார்.

நண்டுக்கறி பரிமாறிக்கொண்டிருக்கும்போது கோபிசன் தன் போனை எல்லாருக்கும் காட்டினான். முதல் நாள் அவன் எடுத்த வீடியோ. அதில் ரிஷானி லண்டனிலிருந்து வந்தவர்களுக்குப் படுக்கையறையை இங்கிலீசில் மரியாதையாக, ஒவ்வொன்றாகக் கைகாட்டிக்கொண்டு வந்தாள். இது உங்கள் கவுண்டர்பேன், இது போல்ஸ்டர், உங்கள் ஃப்ரொக்குகளை அலுமாரியில் கொழுவலாம்.

"சித்தி, லண்டனில ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறேல்லை," என்றான் கோபிசன் பாதி இங்கிலீசும் பாதி தமிழுமாக, சிரிப்பை அடக்கமாட்டாமல். "மியூசியத்தில இருந்து எழும்பி வந்த கிழவி மாதிரி! அது டுவே. வெறும் டுவே!"

இராஜசிங்கத்தின் கை சோற்றிலேயே நின்றது. டுவே. நாளுக்கு நூறு தரம் அவர் தூக்கிப் போடுகிற சாமான். இங்கிலீசிலும் அதுதானாம்.

கோசலா அவர் பக்கம் திரும்பினாள். "சேர், இது நீங்கள் சொல்லிக் குடுத்ததோ?"

அவள் குற்றமாகக் கேட்கவில்லை. அவர் ஓம் என்றால் அவர் பக்கமே நின்றிருப்பாள். ஆனால் அவர் வாய் முந்திக்கொண்டது.

"சீ, நான் அப்பிடிச் சொல்லேல்லையே. பிள்ளை எங்கயாவது பழைய புத்தகத்தில பிடிச்சிருப்பா."

ரிஷானி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். காது வரை சிவந்துபோனாள்.

"படிப்பிக்கிறதைக் கவனிச்சாத்தானே! எந்த நேரமும் போனும் கையும்," என்று கோசலா ஏசினாள்.

"ஓம் அம்மா," என்றாள் ரிஷானி. இராஜசிங்கத்தின் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு குறைந்திருந்ததைக் கண்டு, கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் போட்டாள்.

அந்தச் சோற்றை அவர் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, கொழுவியிருந்த கோட்டைக்கூட மறந்து புறப்பட்டார்.

திங்கட்கிழமை வேலையில் சூடு ஆறாத டுவேக்கள் வந்து குவிந்தன. "டுவே! இன்னும் டுவே!" என்று கூட வேலை செய்பவன் கத்திய ஒவ்வொரு முறையும் இராஜசிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். சொல் பிழைத்தது அவரை அவ்வளவு வாட்டவில்லை. பிள்ளை போட்ட அந்த ஒரு கரண்டி சோறுதான் நெஞ்சுக்குள் கிடந்தது.

புதன்கிழமை லண்டன்காரர் புறப்படும் நாள். வேலை உடுப்போடேயே ஓடிப்போனார். வாசலில் காருக்குள் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"தங்கச்சி, அண்டைக்கு நான் பொய் சொன்னனான்," என்றார் கோசலாவிடம். "அதெல்லாம் நான் படிப்பிச்ச சொல்லுகள். பிள்ளை டுவே எண்டுதான் கேட்டவ. நான்தான் பிழை எண்டனான். ஊரில நான் வாத்தியாரும் இல்லை. புடவைக் கடையில நிண்டனான்."

பிறகு கோபிசனிடம் அதையே இங்கிலீசில் சொன்னார். சொல்லும்போது தன் ஒவ்வொரு சொல்லும் பழசோ என்று நாக்குக் கூசியது. அவன் சிரிக்கவில்லை. போனைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தான்.

"அதுக்கென்ன சேர்... தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றாள் கோசலா. ஆனால் அவள் கண் மகளிடம் போய், அங்கேயே நின்றது.

ரிஷானி உள்ளே போய் அவருடைய கோட்டை எடுத்துவந்தாள்.

"சேர், சனிக்கிழமை வகுப்பு இருக்கோ?"

"என்னைச் சேர் எண்டு கூப்பிடாதை பிள்ளை."

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

அவர் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, கழுத்து வரை பொத்தான்களைப் பூட்டினார். மேல் பொத்தான் ஓட்டைக்குள் போக மறுத்தது. ரிஷானி பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.